எடுக்கக் கூடாத தொலைபேசி

சுகந்தினி கேட்டது ஒரு கடிதம். அரைப் பக்கம் இருந்தாலும் போதும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். கடிதம் எதற்கு என்று முதலில் சொல்லிவிட்டால், அது ஏன் கிடைக்கவில்லை என்பதை விளக்குவது எளிது.

றக்வான நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் கித்துல்மலைத் தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிசனில், மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் ஒரு லயம் இருக்கிறது; ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளரின் அறைகள். இருபத்துமூன்று காம்பரா, இருபத்துமூன்று குடும்பம். பின்சுவரிலிருந்து நான்கடி தள்ளி மலை தொடங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் அங்கிருந்து மண் இறங்கும் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்ட நிர்வாகத்துக்கும் தெரியும். வருடம் ஒரு தடவை வந்து மலையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரியும். எப்போது இறங்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. சுகந்தினியின் அக்கா விஜயகலா கொழுந்தெடுக்கிறவள். அந்த லயத்தின் ஐந்தாம் காம்பராவில் இருக்கிறாள்.

சுகந்தினிக்கு றக்வான நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கிற வேலை. மத்தியானத்துக்குப் பிறகு ஆள் வராத நேரத்தில் கடைக் கணினியில் மென்பொருள் எழுதப் பழகினாள். உருப்படியாக முதலில் எழுதியதற்கு ‘மழைக்கோடு’ என்று பெயர் வைத்தாள். அது வேலை செய்யும் விதம் இது: விஜயகலா ஒரு சோடாப் போத்தலின் தலையை வெட்டி, லயத்துக்கு வெளியே கம்பத்தில் கட்டியிருக்கிறாள். போத்தலில் நகப்பூச்சால் ஐந்து கோடு. மழைத்தண்ணீர் ஒரு கோட்டைத் தாண்டினால், லயத்தில் விட்டுவிட்டுப் பிடிக்கிற சிக்னல் நிலையாக இருக்கும் ஒரே இடமான பெரிய கல்லின்மேல் ஏறி நின்று ஒரு மிஸ்கோல் கொடுப்பாள். அடுத்த கோட்டுக்கு இன்னொன்று. எதிர்முனையில் கணினியோடு வயரில் மாட்டிய ஒரு பழைய போன் இருக்கும். அதை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்கக் கூடாது. எடுக்காத மணிகளைத்தான் மென்பொருள் எண்ணும்.

குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்த மலையில் குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மிஸ்கோல் என்றால் அங்கே மணி அடிப்பது இங்கே காதில் கேட்கும். தவிர, தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்று அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு அடித்தால் நீ திருப்பி அழை. இதில்தான் அங்கே கல்யாணங்கள்கூடப் பேசி முடிக்கப்படுகின்றன.

இதன் மறுபாதியை மாவனல்லையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் றினாஸ் எழுதியிருந்தார். ஆறு பெருகினால் ஆற்றோரக் கடைக்காரர்களின் போன்களையெல்லாம் ஒரே நேரத்தில் அடித்து எழுப்புகிற மென்பொருள், பெயர் ‘ஆத்துமணி’. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். எழுதியதை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், மாற்றலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பது அதன் பொருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சுகந்தினி, முன்பின் தெரியாத றினாஸுக்குப் போன் எடுத்தாள். இரண்டு மணித்தியாலத்தில் பதினொரு வரி எழுதி இரண்டு மென்பொருளையும் இணைத்தார்கள். ஐந்தாவது மிஸ்கோல் வந்தால் லயத்தின் நாற்பது போன்களும், இவர்கள் இருவரின் போன்களும் அடிக்கும். எடுத்தால் பதிந்துவைத்த விஜயகலாவின் குரல் கேட்கும்: “எந்திரிச்சு வெளிய வாங்க. சாமான் எடுக்க வேணாம். புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க.”

ஒத்திகை பார்த்தார்கள். நாற்பது போனும் அடித்தன. மறுநாள் தொலைபேசிக் கம்பனி, ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு அடிக்கிற நம்பர் தொல்லை தரும் நம்பர் என்று அதை முடக்கியது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றின் கடிதம் இருந்தால் திறந்துவிடுவதாகச் சொன்னது. சுகந்தினி கேட்ட கடிதம் அதுதான். அது ஆகஸ்ட் மாதம்.

‘சபரகமுவத் திறந்த மூல மென்பொருட் சமூகங்களுக்கிடையிலான நல்லுறவு மையம்’ இரத்தினபுரியில் மாணிக்கக் கடைகள் இருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருடத்தில் நல்லுறவை நாடி ஒரு சமூகமும் வரவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்து, தன்னிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது, மாவனல்லையில் இன்னொன்று இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று சொன்னபோது, வரவேற்பு மேசையில் இருந்த சுதர்ஷினி எழுந்து நின்றுவிட்டாள். அவள் கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்; வேலைக்குச் சேர்ந்த பிறகு பொதுமக்களில் அவள் கண்ட முதல் ஆள் இவள்தான்.

பணிப்பாளர் கலாநிதி சுதாகரன் விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“போன்ல பேசி, சேர்ந்து வேலை செஞ்சதா எழுதியிருக்கீங்க,” என்றார். “அது ஒத்துழைப்பு இல்லை மிஸ். அது பழக்கம். ஒத்துழைப்பு என்றால் அதுக்கு ஒரு கட்டமைப்பு வேணும். கட்டமைப்புக்கு ஓர் அலுவலகம் வேணும். அலுவலகத்துக்கு ஒரு பணிப்பாளர் வேணும். இந்த மூன்றும் எங்களிட்ட ஏற்கெனவே இருக்கு. இல்லாதது ஒத்துழைப்பு மட்டும்தான்.”

சுகந்தினி, தனக்குக் கடிதம் மட்டும் போதும் என்றாள். கடிதங்கள் தனியாட்களுக்குத் தரப்படுவதில்லை, நல்லுறவு நிலைநாட்டப்பட்ட சமூகங்களுக்கே தரப்படும் என்று அவர் விளக்கினார். பிறகு மூன்று மொழியில் ஓர் உடன்படிக்கையைக் காட்டினார். தமிழ்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. மொழிபெயர்ப்பு பின்னர் இணைக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. மழை தொடங்க இரண்டு மாதம்தான் இருந்ததால் அவள் கையெழுத்துப் போட்டாள்.

சமூகம் என்றால் குறைந்தது இருபது அங்கத்தவர் வேண்டும். மழைக்கோட்டை எழுதியது சுகந்தினி ஒருத்திதான். ஆகவே ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்துக்குப் போனாள். தொழிலாளர் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிற இடம் அது. அங்கே வரிசையில் நின்ற பெண்களிடம் படிவத்தை நீட்டினாள். ‘பங்களிப்பின் தன்மை’ என்ற நிரலில் அவர்கள் எல்லோரும் ‘கொழுந்து’ என்று எழுதினார்கள். கன்னையா கங்காணி எட்டிப் பார்த்து, இது எந்தக் கட்சி என்று கேட்டார். மையம் படிவத்தை ஏற்றுக்கொண்டது. மலைநாட்டில் இருபத்திரண்டு பெண் மென்பொருளாளர்கள் ஒரே தோட்டத்தில் எழுச்சி பெற்றிருப்பதாக அதன் காலாண்டு அறிக்கை தெரிவித்தது. மாவனல்லையில் றினாஸ் தன் கடைக்குப் போன் திருத்த வந்தவர்களிடம், திருத்திய போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கையெழுத்து வாங்கினார்.

அடுத்தது படிவம் ஏழு. இரு சமூகங்களுக்கும் இடையிலான முரண்பாட்டின் தன்மை, அது தொடங்கிய திகதி, அதனால் ஏற்பட்ட மனத்தாங்கல். சுகந்தினி ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினாள். படிவம் திரும்பி வந்தது. முரண்பாடு இல்லாத இடத்தில் நல்லுறவைக் கட்டியெழுப்ப முடியாது என்றும், முரண்பாட்டை அடையாளம் காண இரு தரப்பும் ஆறு வாரத்துக்குள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதனுடன் வந்த கடிதம் சொன்னது.

றினாஸ் அன்று பின்னேரமே சுகந்தினிக்குப் போன் பண்ணினார். “தங்கச்சி, நாங்க சண்ட புடிச்சாத்தான் இவங்க சேத்து வைப்பாங்களாம். அப்ப நாளைக்கு நாலு மணிக்குப் புடிப்பமா? அந்த நேரம் கடைல ஆக்கள் கொறவு.”

“எதுக்குன்னு சண்ட போடுறது, நானா?” என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்னத்தையும் செல்லுங்க. என்ட மனுசி நபீலா இங்க பக்கத்துல ஈக்கிற, அவ எடுத்துத் தருவா.”

நபீலாவின் யோசனைப்படி, இரண்டு மென்பொருளையும் இணைக்கிற அந்தப் பதினொரு வரி யாருடையது என்பதே சண்டை என்று எழுதிக் கொடுத்தார்கள். பணிப்பாளர் அதை வாசித்து நெகிழ்ந்துபோனதாகச் சுதர்ஷினி சொன்னாள். நான்காம் நாள் உத்தரவு வந்தது. பதினொரு வரியும் பிணக்குக்குரியவை என்பதால், பிணக்குத் தீரும்வரை அவற்றில் ஓர் எழுத்தையும் எவரும் மாற்றக் கூடாது. இரு சமூகங்களும் மனம் ஆறுவதற்காக ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசக் கூடாது; செய்திகள் மையத்தினூடாக மூன்று பிரதிகளில் அனுப்பப்பட வேண்டும். புதிய நம்பர் எடுக்கவோ, மென்பொருளைப் பிரதியெடுத்து வேறு பெயரில் நடத்தவோ கூடாது, அது பிரிவினை.

யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம் என்று தங்கள் கையால் எழுதிவைத்த ஒன்றை, எழுதிய இருவரும் மட்டும் தொட முடியாத நிலை இப்படி ஏற்பட்டது.

ஒக்டோபரில் மழை பிடித்தது. லயத்தில் முறை வைத்து ஆண்கள் விழித்திருந்தார்கள். ‘மழ எப்பிடி?’ என்று றினாஸ் மையத்தினூடாக அனுப்பிய செய்தி சுகந்தினிக்குப் பத்தொன்பது நாள் கழித்து, இரு தரப்பின் உணர்வுகளையும் புண்படுத்தாத வகையில் திருத்தப்பட்டு வந்தது. அப்போது மழை விட்டிருந்தது.

ஜனவரியில் ஒரு நல்லது நடந்தது. தொலைபேசிக் கம்பனி மையத்தின் பெயரில் இரண்டு நம்பருக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று இரு சமூகங்களின் பொதுச் சொத்தான மழை நம்பர். மற்றது மையத்தின் மேல் புகார் சொல்வதற்கான முறைப்பாட்டு நம்பர். றினாஸ், இரண்டு மென்பொருளும் இருந்த தன் கணினியை வேனில் ஏற்றிக்கொண்டுவந்து இரத்தினபுரியில் இறக்கிவிட்டு, விதிப்படி சுகந்தினியைப் பார்க்காமலே திரும்பிப் போனார். மழை நம்பர் போட்ட போன் சுதர்ஷினியின் மேசைக்கு வந்தது. அதிலிருந்து கணினிக்கு ஒரு கறுப்பு வயர். அதே மாதிரியான இன்னொரு போன் பணிப்பாளர் அறையின் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கப்பட்டது. அதன் கீழே ‘முறைப்பாடுகள்’ என்று எழுதியிருந்தது. சுகந்தினிக்கு மூச்சு வந்தது. இனி மழை பெய்யலாம் என்று அக்காவிடம் சொன்னாள்.

பெப்ரவரியில் மையம் தன் சேவைப் பட்டயத்தை வெளியிட்டது. எல்லாச் சேவை அழைப்புகளும் இரண்டு மணி அடித்து முடிவதற்குள் எடுக்கப்படும் என்பது அதன் முதல் விதி.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் போத்தலில் முதல் கோடு தாண்டியது. விஜயகலா குடையோடு கல்லின்மேல் ஏறி நின்று அடித்தாள். இரண்டாவது மணி முடிவதற்குள் ஒரு குரல் வந்தது.

“ஆயுபோவன், வணக்கம். நல்லுறவு மையம். சுதர்ஷினி பேசுறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?”

தன் வாழ்நாளில் விஜயகலா எந்த ஆபீசுக்கு அடித்தும் இவ்வளவு விரைவாக ஒருவர் பேசியதில்லை. “தப்பான நம்பருங்களா?” என்றாள்.

“இல்லக்கா. சரியான நம்பர்தான்.”

“அப்ப ஏன் எடுத்தீங்க?”

“நீங்க அடிச்சீங்களே.”

“நீங்க எடுக்கக் கூடாதுன்னுதானுங்களே அடிச்சேன்.”

சுதர்ஷினி அதை விளங்கிக்கொள்ள முயன்றாள். ஆனால் அவள் முன்னால் பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருந்தது. எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், மற்றச் சமூகத்தைப் பற்றித் தற்போதைய மனநிலை என்ன, ஒன்று முதல் ஐந்து வரை சொல்லவும். விஜயகலா ஒன்று என்றாள்; தாண்டிய கோட்டைத்தான் சொன்னாள். மற்றச் சமூகத்தின் மேல் கடும் வெறுப்பு என்று அது பதியப்பட்டது. போனில் மிச்சமிருந்த காசெல்லாம் அந்த ஒரு கோலில் போய், அவள் ரீலோட் போட நகரத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த மழையில் மூன்று தடவை அடித்தாள். மூன்று தடவையும் எடுத்தார்கள். “மூனு கோடு” என்று வாய்விட்டே சொன்னாள். சுதர்ஷினி ‘மூன்று கோடு’ என்று அழகான எழுத்தில் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். பதிவேடு மாதக் கடைசியில் பணிப்பாளருக்குப் போகும். எடுத்த கோலை மென்பொருள் எண்ணாது என்பதால், அதைப் பொறுத்தவரை அன்று கித்துல்மலையில் வெயில். எடுத்த கோலையும் எண்ணும்படி மாற்ற ஒரு வரி போதும். அந்த வரி பிணக்குக்குரிய பதினொன்றில் ஆறாவது.

சுகந்தினி லீவு போட்டு இரத்தினபுரிக்குப் போனாள். தயவுசெய்து அந்தப் போனை மட்டும் எடுக்காமல் விட்டுவிடுங்கள் என்று பணிப்பாளரிடம் கேட்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“முப்பது வருஷ சேவையில நான் கேட்ட முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான். போனைத் தூக்கிறாங்க இல்லை என்று. தூக்கிறாங்க என்று சொல்லிக்கொண்டு வந்த முதல் ஆள் நீங்க. இதை நான் ஆண்டறிக்கையில போடப்போறேன்.”

“சேர், மண்ணு வந்தா எங்க அக்கா வீடுதான் மொதல்ல போகும்.”

“மண்சரிவு வேற திணைக்களம் மிஸ். நாங்க பார்க்கிறது உறவு. உங்கட அக்காவும் எங்கட சுதர்ஷினியும் இந்த ரெண்டு வாரத்தில எத்தனை தடவை பேசியிருக்காங்க? பதினேழு தடவை. மழை இல்லாட்டி அவங்க பேசியே இருக்கமாட்டாங்க. அதை நினைச்சுப் பாருங்க.”

அவள் உடன்படிக்கையிலிருந்து விலகிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். அது அவளுடைய உரிமை என்று அவர் உடனே ஒப்புக்கொண்டு முப்பத்தோராம் பிரிவை எடுத்துக் காட்டினார். மற்றச் சமூகம் சம்மதித்தால் எப்போதும் விலகலாம். சம்மதம் கூட்டு அமர்வில்தான் தரப்பட வேண்டும். கூட்டு அமர்வு பிணக்குத் தீர்ந்த பிறகுதான் கூடும். பிணக்குத் தீர்ந்ததற்கான சான்றிதழ் நல்லுறவு விழாவில் வழங்கப்படும். சான்றிதழ் பெற்ற சமூகங்கள் ஐந்து வருடத்துக்கு விலக முடியாது.

மேற்கொண்டு ஏதாவது இருந்தால் முறைப்பாட்டு நம்பருக்கு அடிக்கும்படி கண்ணாடி அலுமாரியைக் கைகாட்டினார். சுகந்தினி மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்திலும் அந்த நம்பருக்கு நாற்பத்தொரு தடவை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. பட்டயத்தின் இரண்டு மணி விதி சேவை அழைப்புகளுக்கு மட்டுமே. முறைப்பாட்டுப் பிரிவுக்கு இன்னும் தலைவர் நியமிக்கப்படவில்லை என்பதால் அந்தப் போனை எடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று சுதர்ஷினி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

விழா மே மாதக் கடைசியில் கேகாலையில் வைக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்பே மழை தொடங்கியிருந்தது. இந்த மழையில் லயத்தை விட்டுப் போக மாட்டேன் என்று சுகந்தினி அக்காவிடம் சொன்னாள்.

“நீ போயிரு,” என்றாள் விஜயகலா. “போகாட்டி அவுங்க திருப்பியும் மொதப் படிவத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. என்னால இன்னொருக்கா மென்பொருளாளரா ஆக முடியாது.”

மையத்தின் ஊழியர்கள் எட்டுப் பேரும் விழாவுக்கு வந்திருந்தார்கள். இரத்தினபுரி அலுவலகம் பூட்டப்பட்டிருந்தது. மண்டப வாசலில் பூ வைத்த ஒரு பிரம்புக் கூடை. ஒருவர் மற்றவருக்குச் செவிகொடுப்பதன் அடையாளமாக எல்லோருடைய போன்களும் அதில் போடப்பட்டன. சுகந்தினி தர மறுத்துப் பார்த்தாள். தராதவர்கள் மேடையேற முடியாது, மேடையேறாதவர்களின் சமூகம் வரவில்லை என்று பதியப்படும் என்றார்கள். போட்டாள்.

மேடையில் அவளையும் றினாஸையும் முதுகுக்கு முதுகு இருக்க வைத்தார்கள். இருவர் கையிலும் ஒரு கயிற்றின் இரு முனைகள். அதில் பதினொரு முடிச்சு. உரை முடிந்ததும் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். எட்டு மாதம் பேசாத றினாஸ் பின்னாலிருந்து மெதுவாக, “அங்க மழ எப்பிடி தங்கச்சி?” என்றார். “மூனு நாளா விடல நானா,” என்றாள். முன்வரிசையில் இருந்த மையத்தின் மேற்பார்வையாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

பணிப்பாளர் உரையைத் தொடங்கினார். உலகம் முழுவதும் மென்பொருள் எழுதுகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் ஒருவரோடொருவர் சேர்ந்துவிடுகிற அபாயத்தை அவர் விளக்கினார். “அப்படிச் சேர்ந்தவர்களை நாங்கள் என்னவென்று அறிக்கையில் எழுதுவது? யார் சேர்த்துவைத்தது என்று எழுதுவது?” என்று கேட்டார். கூரைத் தகரத்தில் மழை விழுந்ததால் அவர் உரக்கப் பேச வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியைக் கூட்டினார்கள். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சுகந்தினி வாசலில் இருந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கயிறு இருந்தது.

கூடைக்குள் இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன.

வாசலில் அறிவிப்புச் செய்கிற ஒலிவாங்கியோடு சுதர்ஷினி நின்றிருந்தாள். நான்கு மாதப் பழக்கம். இரண்டாவது மணிக்குள் அவள் கை கூடைக்குள் போய் ஒரு போனை எடுத்து, யாரையும் கேட்காமலே ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் அழைப்பைத் திறந்துவிட்டது. மண்டபம் முழுவதும் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“எந்திரிச்சு வெளிய வாங்க. சாமான் எடுக்க வேணாம். புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க.”

பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள். ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கியே போய்விட்டார். பணிப்பாளர், மக்களின் குரல் இந்தக் கட்டமைப்பினூடாக ஒலிக்கிறது என்று சொல்லிக் கைதட்டினார், ஊழியர்களும் தட்டினார்கள். சுகந்தினி முடிச்சுகளோடு கயிற்றைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து, வாசலில் தன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

“ஓடாதீங்க, வேன் ஈக்கிது,” என்று றினாஸ் பின்னால் வந்தார்.

வேன் கேகாலையைத் தாண்டும் வரை விஜயகலாவின் போன் கிடைக்கவில்லை. அந்த அரை மணி நேரமும் சுகந்தினி அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு மிஸ்கோல் வந்தது. ஒன்றே ஒன்று. வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள். சுகந்தினி திருப்பி அடித்தாள்.

“ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல,” என்றாள் விஜயகலா. பின்னால் பிள்ளைகளின் சத்தம். “எல்லாரும் ஸ்கூல்லதான் இருக்கோம். நாங்க வந்து கொஞ்ச நேரத்துல எறங்கிருச்சு. என் காம்பராவுல இருந்து ஒம்பதாம் காம்பரா வரைக்கும் மண்ணுதான். கூரையே தெரியல.”

“எத்தன தடவ அடிச்ச?”

“அஞ்சு. நேத்து ராவுல இருந்து போத்தலப் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு அஞ்சு தடவ அடிச்சும் ஒருத்தரும் எடுக்கல. என்னாச்சு அவுங்களுக்கு?”

“எல்லாரும் இங்க வெழாவுக்கு வந்துட்டாங்க. ஆபீசு பூட்டு.”

“மகராசனுங்க,” என்றாள் விஜயகலா.

ஜூன் முதல் வாரத்தில் மையம் மீளாய்வுக் கூட்டம் கூட்டியது. இருபத்துமூன்று குடும்பங்களைக் காப்பாற்றியது இரு சமூகங்களுக்கிடையிலான நல்லுறவே என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதேவேளை பாரதூரமான ஒரு குறையும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றைய தினம் ஐந்து அழைப்புகள் வந்திருந்தும் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை.

“ஒரு தாய் ஐந்து தடவை எங்களைக் கூப்பிட்டிருக்கிறா. நாங்க எடுக்கல்ல,” என்றார் பணிப்பாளர். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. “இந்தப் பாவம் இனி நடக்கக் கூடாது.” பௌர்ணமிப் போயா, ஞாயிறு, அரசாங்க விடுமுறை எதுவானாலும் இரவு பகலாக மூன்று முறை மாற்றி ஆள் இருப்பார்கள்; இரண்டு மணி என்பது இனி ஒரு மணி; எடுக்கத் தவறுகிறவருக்கு வேலை இல்லை.

சுகந்தினி எழுந்து, சேர், எடுக்காததால்தான் தப்பினார்கள் என்றாள். அது கூட்டக் குறிப்பில், பயனாளி நன்றி தெரிவித்தார் என்று பதியப்பட்டது. வெளியே வரும்போது சுதர்ஷினி படிக்கட்டு வரை கூட வந்தாள். கணினிக்குப் போகிற வயர்களில் மணியை எண்ணுவது எது என்று கேட்டாள். கறுப்பு வயர் என்றாள் சுகந்தினி. அது எந்தப் போனில் மாட்டினாலும் எண்ணுமா என்று கேட்டாள். எண்ணும், ரெண்டு போனும் ஒரே மாதிரிதானே என்றாள். பிணக்குக்குரிய பதினொரு வரியில் இந்த வயரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் சுகந்தினி. சுதர்ஷினி தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்ததால் குடும்பங்களை மறுபடியும் லயத்துக்கு அனுப்பினார்கள். மண் மூடாத காம்பராக்கள் பதினெட்டில் இருபத்துமூன்று குடும்பம். மலை அங்கேயே இருந்தது. விஜயகலா புதிய போத்தலில் கோடு போட்டுக் கட்டினாள்.

ஜூன் பத்தொன்பதாம் திகதி காலை, பெரட்டுக்குப் போவதற்கு முன், முதல் கோடு தாண்டியது. அவள் கல்லின்மேல் ஏறி அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“ஆயுபோவன், வணக்கம். நல்லுறவு மையம். சுதர்ஷினி பேசுறேன்.”

“எடுத்துட்டீங்களா,” என்றாள் விஜயகலா.

“எடுக்கணும்க்கா. எடுக்காட்டி வேல போயிரும்.” குரல் தாழ்ந்தது. “அக்கா, ஒரு கேள்விதான் கேக்கப்போறேன். உங்களுக்கு ஏதாச்சும் முறைப்பாடு இருக்குங்களா?”

“இருக்கு. நீங்க எடுக்கிறதுதான்.”

“முறைப்பாடுன்னா அதுக்கு வேற நம்பருங்க. சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. இனிமே அதுக்கே அடிங்க.”

“அத யாரு எடுப்பாங்க?”

“யாரும் எடுக்கமாட்டாங்கக்கா.”

விஜயகலா நம்பரை இரண்டு தடவை திருப்பிச் சொன்னாள். பிறகு அதை அடித்தாள். மணி அடித்தது. மழையில் நின்றபடி கடைசி வரை கேட்டாள். எடுக்கவில்லை.

இரத்தினபுரியில், மூன்றாம் மாடியில், சுதர்ஷினியின் மேசைக் கணினியிலிருந்து ஒரு கறுப்பு வயர் தரையோரமாகப் போய், பணிப்பாளர் அறைக் கதவின் கீழ் நுழைந்து, கண்ணாடி அலுமாரியின் பின்பக்கம் முடிந்திருந்தது. உடன்படிக்கையின் எந்தப் பிரிவும் மீறப்படவில்லை. நாற்பது போன்களும் அன்றிலிருந்து அந்த ஒரு போனின் மணியை நம்பியிருக்கின்றன.

மழை நாட்களில் அது அடிக்கும். பணிப்பாளர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, முறைப்பாடு என்று எழுதியிருப்பதைப் பார்ப்பார். கித்துல்மலையில் இருபத்துமூன்று குடும்பங்களின் உயிர் அவர் அதை எடுக்காமல் இருப்பதில் தங்கியிருக்கிறது. இதுவரை அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை.